நாற்காலிக்கு நாலு புள்ளி

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்தேன் என்று சொன்னால் நீங்கள் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். அப்படியெல்லாம் இல்லை. ஸ்கெலட்டன் என்ற பகுதியில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு எங்களுடையது. அதன் உள்ளறை பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு பீரோ, ஒரு மர பெஞ்சு, சுருட்டி வைத்த பாய்கள், டிவி. இவற்றுக்கு நடுவேதான் ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒரு பேஸ் பெட்டியையும் நுழைத்தேன். 2001-ஆம் வருடம். சுரங்கத்தை மூடி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது.

என் ஆசைக்கு வாங்கியதாகத்தான் பேர். உண்மையில் அப்பாவுக்காக வாங்கினேன். முப்பது வருடம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய மனிதர், ஷிப்ட் நின்றதும் வாசலில் குழாயடிக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். காலையில் உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் போடுவார்கள். அம்மாவும் தங்கச்சியும் நானும் உள்ளே இருப்போம். "நீங்க பாருங்க" என்பார், வரமாட்டார். ஒரு காலத்தில் டென்ட் கொட்டகையில் படம் பார்த்துவிட்டு வந்து, நடுவீட்டில் சண்டைக் காட்சியை நடித்துக் காட்டியவர் அவர். சத்தம் நன்றாக இருந்தால் உள்ளே வந்து உட்காருவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவரை அந்தக் கல்லிலிருந்து கிளப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பெங்களூரில் யாரோ பயன்படுத்திய பழைய செட். பங்காருபேட்டை வரை பாஸஞ்சரில் ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் அப்படித் தூக்கி வந்திருக்கமாட்டார்கள் என்று தங்கச்சி கிண்டல் செய்தாள்.

முதல் நாளே ஒரு கூத்து. பேஸ் பெட்டியைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் ஒட்டி வைத்து, சத்தத்தை ஏற்றினேன். டும்மென்று ஒன்று விழுந்தது. பக்கத்து வீட்டு அத்தை கையில் மாவோடு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். "பர்ஸ்ட்டா? எந்த ஷாஃப்ட்டுல? உள்ள யாரு கீறாங்க?" என்று கத்தினார். சுரங்கத்தில் பாறை வெடிப்பதைத்தான் பர்ஸ்ட் என்போம்; கீழே வெடித்தால் மேலே எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் உருளும். உடனே பெண்கள் ஆட்கள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டம் அத்தையின் காலில் இன்னும் இருந்தது. கீழே யாருமே இல்லை என்பது அவருக்கு நாலு வீடு தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, "நாசமாப் போவ! உன் பொட்டிய எடுத்துட்டு வேற எங்கனா வையிடா" என்று திட்டிவிட்டு, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன்.

மற்ற ஐந்தையும் வைப்பதில்தான் என் வித்தையைக் காட்டினேன். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் எனக்கு மார்க்கிங் வேலை. இரும்புத் தகட்டில் எங்கே வெட்டணும், எங்கே துளை போடணும் என்று கோடு கிழித்து, பஞ்ச் வைத்துத் தட்டிப் புள்ளி குத்துவது. என் அளவு தப்பாகாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. செட்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தான்: முன்னால் மூன்று, பின்னால் இடமும் வலமுமாக இரண்டு, கேட்கிறவர் சரியாக நடுவில். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, காது உயரத்தை டேப்பில் அளந்து, அதற்கு இரண்டடி மேலே பின் ஸ்பீக்கர்களுக்கு ஆணி அடித்தேன். பீரோவை நகர்த்தியதற்கு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடைசியில் நாற்காலியின் நாலு கால்களுக்கும் சிமென்ட் தரையில் பஞ்ச் வைத்து நாலு புள்ளி குத்தி, மஞ்சள் பெயின்ட்டும் வைத்தேன். அது அப்பாவின் இடம். அங்கே உட்கார்ந்தால் மழை தலைக்கு மேலே பெய்யும், குதிரை முதுகுக்குப் பின்னால் ஓடும்.

அப்பா வந்தார். உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பார்த்தார். "ஜோரா கீதுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் பார்த்தால் நாற்காலி புள்ளியில் இல்லை. இடது சுவரை ஒட்டிக் கிடந்தது. இழுத்துப் புள்ளியில் வைத்தேன். மறுநாளும் சுவரோரம். மறுபடி இழுத்தேன். அவருக்கு இப்படிச் சில பழக்கங்கள் உண்டு. தெருவில் போனால்கூட எங்களைத் தோளைப் பிடித்துத் தன் வலப்பக்கம் தள்ளிக்கொள்வார், வண்டி எந்தப் பக்கம் வந்தாலும் சரி. பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. செட்டைக் காட்டிப் பெருமை அடிக்கலாம் என்று கூட்டி வந்தால், அப்பா நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது.

"எத்தினி வாட்டி சொல்றது? நடுவுல குந்துங்கன்னா இன்னா? உங்களுக்குக் காது கேக்குதா இல்லியா?"

மாமா தரையைப் பார்த்தார். அப்பா சிரித்தார். "கேக்குதுப்பா, கேக்குது" என்று நாற்காலியைத் தானே தூக்கிவந்து, குனிந்து, நாலு காலையும் நாலு புள்ளியில் சரியாக வைத்து உட்கார்ந்தார்.

ஞாயிறுதோறும் நான் ஒரு சோதனை வைப்பேன். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'ஷ்'ஷென்று ஒரு சத்தம் முறை வைத்து வரும்: முன்னால் இடம், நடு, முன்னால் வலம், பின்னால் வலம், பின்னால் இடம். எதில் வருகிறதோ அதன் விளக்கு ஆம்ப்ளிஃபயரில் எரியும். அப்பா அந்தந்தத் திசையில் விரல் நீட்ட வேண்டும். இதுவரை ஒருமுறைகூடத் தப்பு சொன்னதில்லை. சிடுசிடுப்பைத் தணிக்க அன்றும் அதையே செய்யலாம் என்று தங்கச்சி ரிமோட்டை எடுத்துவிட்டாள். நான் அப்போது அப்பாவுக்குப் பின்னால் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தேன். பின் இடது ஸ்பீக்கரின் ஒயர் குட்டையாக இருந்தது. நீளமான ஒயர் மாட்டலாம் என்று அதைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். இரு என்று சொல்வதற்குள் அவள் பட்டனை அமுக்கிவிட்டாள்.

அப்பா முன்னால் இடப்பக்கம் காட்டினார். நடுவே காட்டினார். முன்னால் வலம். பின்னால் வலம். பிறகு, ஒரு மூச்சு விட்டு, தலையைத் திருப்பாமல் இடது தோளுக்கு மேலே விரலை நீட்டி, "இங்க" என்றார்.

அந்த விரல் நேராக என்னைக் காட்டியது. என் கையில் ஒயரின் இரண்டு செம்பு முனைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"ஃபுல் மார்க்ஸ்!" என்று தங்கச்சி கை தட்டினாள். அவள் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மாமாவைப் பார்த்து ஜம்பமாகச் சிரித்தார். நான் பெஞ்சைவிட்டு இறங்கவில்லை. சத்தமே வராத பக்கத்தை, முறையை மனப்பாடம் செய்து காட்டியிருக்கிறார்; நாற்காலி தினமும் போனதும் இடது சுவருக்குத்தான்.

மாமாவை பஸ் ஏற்றிவிட அப்பா போனதும் சமையற்கட்டில் அம்மாவைப் பிடித்தேன்.

"அப்பாவுக்கு எடது காது எத்தினி நாளா கேக்கல?"

அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "நீ எட்டாவது படிக்கசொல்ல போச்சு. டிரில் மிஷின் சத்தமும், அந்த வருசம் ஆன பர்ஸ்ட்டும். டாக்டரு வாச்சைக் காதாண்ட வெச்சி கேக்குதான்னு கேப்பாராம். கேக்குது சார்னு சொல்லிட்டு வந்துருவாரு. தெரிஞ்சா அண்டர்கிரவுண்டுலருந்து எடுத்துருவாங்களே. கூட வேலை செய்றவனுங்கள உட்டுட்டு மேல வரமாட்டேன்னாரு."

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"உன் வாயி ஊரறிஞ்ச வாயி. அப்பறம் அப்படியே பழகிப்போச்சி. புள்ளைங்களுக்குத் தெரியவாணாம்னு அவுருக்கு ஒரு ரோசம்." பானையைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நடுவுல குந்துனா அவுருக்கு ஒண்ணும் புரியாதுடா. சுத்திச் சுத்தி சத்தம் வந்தா பேச்சு எல்லாம் கலஞ்சிடும். செவுத்தாண்ட குந்துனா கேக்குற காது எங்க பக்கம் இருக்கும். நாங்க சிரிக்கிறதாவது கேக்கும்னுவாரு."

'காது கேக்குதா இல்லியா' என்று நான் கேட்டது எனக்கே திரும்பி வந்தது. அதுவும் மாமா எதிரில் கேட்டது. யாராவது ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அப்பா ரேஷனுக்குப் போயிருந்தார். இடது சுவரோடு நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்து, இடது காதில் பஞ்சை அடைத்து அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, வலது காதால் மட்டும் அரை மணி நேரம் கேட்டேன். வசனம் வரும் நடு ஸ்பீக்கரை அந்த நாற்காலியைப் பார்க்கத் திருப்பினேன். பின் இடது ஸ்பீக்கரைக் கழற்றி வலது சுவரில் மாட்டினேன். மழையும் குதிரையும் ஒரே பக்கத்திலிருந்து வரும், வந்துவிட்டுப் போகட்டும். புத்தகம் போட்டவன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். பழைய புள்ளிகளைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். கேட்காமலே அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுவரோரம் புதிதாக நாலு புள்ளி குத்தினேன். வலப்பக்கத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஆரம்பிக்கும்போது அப்பாவைக் கூப்பிட்டேன். உள்ளே வந்தவர் தரையைப் பார்த்தார். நடுவே ஈரம் காயாத சிமென்ட். சுவரோரம் மஞ்சள் புள்ளி.

"இன்னாப்பா, புள்ளி நடுவுலதானே இருந்திச்சி?"

"அளவு தப்பா எடுத்துட்டேன்பா."

என்னைப் பார்த்தார். சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையைப் பார்த்தார்.

"நீயா? உன் அளவு என்னிக்குடா தப்பாச்சி?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். பிறகு வலது கையால் பக்கத்திலிருந்த பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்தப் பக்கமா வந்து குந்து. படத்துல அவன் பேசுறதுல எதுனா உட்டுட்டன்னா சொல்லு."