தையல்காரம்மாவின் வலப்பக்க நாற்காலி

இது நடந்தது. யாரோ சொல்லி, யாரோ கேட்டு, கண் காது மூக்கு வைத்து வளர்ந்த கதை இல்லை. என் கூடப்பிறந்த தங்கைக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் தட்டை உடைத்தால், அவள் முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அடி எனக்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று போர்வைக்குள் புகுந்துகொள்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு, எல்லா விளக்கும் எரிந்த கூடத்தில், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்தது.

தங்கைக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மருந்து கொடுக்கவும் குளிப்பாட்டவும் வேறு ஆட்கள் உண்டு. அங்கே இருப்பவர்களை அறையைவிட்டு வெளியே வரவைப்பதுதான் இவள் வேலை. பாட்டு, சீட்டாட்டம், பூந்தொட்டிக்குத் தண்ணீர் என்று ஏதாவது சொல்லிக் கெஞ்சிக் கூத்தாடி இழுத்துவருவாள். எல்லோருக்கும் பிடித்தது பந்தாட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, உள்ளே சின்ன மணிகள் வைத்துத் தைத்த துணிப்பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நிற்கும்போது பந்து யாரிடம் இருக்கிறதோ, அவர் பாட வேண்டும், இல்லையென்றால் ஏதாவது பேச வேண்டும். பாட்டை நிறுத்துகிறவள் ஓரவஞ்சனை செய்கிறாள் என்று சண்டை வந்ததால், தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். பந்து நகர்வது அவளுக்குச் சத்தமாகத்தான் தெரியும். ஜில்... ஜில்... ஜில்...

அந்தப் பந்தைத் தைத்தவர் தையல்காரம்மா. ஒரு காலத்தில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவர். இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் அவருடைய வலப்பக்க நாற்காலி எப்போதும் கண்டக்டருக்கு. பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற மனிதர். பந்து தன்னிடம் நின்றால் பாடமாட்டார். நாக்கை மடித்து இரண்டு விசில் அடித்து, "போலாம் ரைட்!" என்பார். கூடமே சிரிக்கும். அப்புறம் குனிந்து தையல்காரம்மாவின் வலது காதில் ஏதோ சொல்வார். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தனியாக ஒரு சிரிப்பு சிரிப்பார். இரண்டு மாதம் கண்ணை இடுக்கிக்கொண்டு, கையாலேயே அவருக்கு ஒரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார்.

அந்தச் சட்டையைப் போட்டிருந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம், கண்டக்டர் வராந்தாவில் மயங்கி விழுந்தார். தையல்காரம்மா தன் அறையில் கண்ணயர்ந்திருந்த நேரம். ஆம்புலன்ஸ் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் மேனேஜர் தங்கையைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்குறாங்க. யாராவது கேட்டா மகன் வீட்டுக்குப் போயிருக்கார்னு சொல்லிடு."

அங்கே அதுதான் வழக்கம். யார் இல்லாமல் போனாலும் மகன் வீடு, இல்லாவிட்டால் மகள் வீடு. மற்றவர்கள் மனசு உடைந்துவிடுமாம். அன்றைக்கே நாற்காலியையும் எடுத்துவிடுவார்கள்.

தையல்காரம்மா கேட்டபோது, தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அப்படியே ஒப்பித்தாள்.

"அவருக்கு ஏதும்மா மகன்?" என்றார் தையல்காரம்மா. "கல்யாணமே பண்ணிக்காத மனுஷன்."

தங்கை ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள்.

"எங்க இருக்கார்னு மட்டும் சொல்லு கண்ணு. எங்கிட்ட சொல்லாம எங்கயும் போகமாட்டார் அவர்."

"ஆஸ்பத்திரியிலம்மா... பாத்துக்கிட்டு இருக்காங்களாம்."

"அப்ப நாற்காலியை எடுக்காதே."

அந்தக் குரலைக் கேட்டபிறகு எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேனேஜர் திட்டினால் திட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாலு மணி. ஆட்டம் தொடங்கியது. தங்கை சுவரைப் பார்த்து நின்றாள். ஜில்... ஜில்... ஜில்... தையல்காரம்மாவிடம் வந்ததும் மணி ஓய்ந்தது. வெறும் நாற்காலியைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்ட வேண்டுமே.

"எட்டலம்மா!" இது அங்கே இருந்த மீசைக்காரர். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வாங்கினார்.

இரண்டாவது சுற்றிலும் அதே இடைவெளி. அதே முணுமுணுப்பு.

மூன்றாவது சுற்று... இடைவெளி இல்லை.

ஜில். ஜில். ஜில். ஒரே சீராகப் போனது. யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டார்கள் என்று தங்கை நினைத்தாள். ஆனால் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கவே இல்லை.

மீசைக்காரருக்கு ஓயாத இருமல். அந்த இருமலும் நின்றிருந்தது.

நான்காவது சுற்று. அப்போதும் இடைவெளி இல்லை.

பாட்டு நின்றது.

தங்கையின் விரல் பாட்டுப்பெட்டியின் பட்டனைத் தொடவில்லை.

எதிரே சுவர்க் கடிகாரம். நாலு பதினெட்டு. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது...

பின்னால் விசில் சத்தம். ஒன்று.

இன்னொன்று.

பலமாக இல்லை. மூச்சு போதாதவர் அடித்தது மாதிரி...

திரும்பினாள்.

எல்லோரும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து அதற்கு மேலே இருந்தது. மெத்தையில் இல்லை. மெத்தைக்கு ஒரு சாண் மேலே. மடியில் வைத்தது போல.

மெத்தை அமுங்கியிருந்தது.

தையல்காரம்மா வலப்பக்கம் சாய்ந்திருந்தார். காதைக் கொடுத்தபடி.

தலையை ஆட்டினார். "சரி... அதுக்கென்ன இப்ப. நான் வேற தைச்சுத் தரேன்."

மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

பந்து விழுந்தது. ஜில்.

யாரும் அலறவில்லை. அதுதான் தங்கையை அதிகமாக உலுக்கியது. நடந்துபோய்த் தையல்காரம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக வந்துகொண்டிருந்தது.

"சட்டையைக் கத்தரிச்சுட்டாங்களாம். நெஞ்சுக்கு நடுவுல. நீ கஷ்டப்பட்டுத் தைச்சது வீணாப் போச்சேன்னு வருத்தப்படறார். பாரு கண்ணு... போற நேரத்துல ஒரு சட்டைக்கு வருத்தம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லாமப் போகமாட்டார்னு சொன்னேன்ல?"

தங்கை நேராக மேனேஜரிடம் போனாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் அன்றைக்கு விடியும் முன்பே போய்விட்டாராம். செய்தி காலையிலேயே வந்துவிட்டதாம். "உன் மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்னுதான் உங்கிட்டயும் சொல்லல" என்றார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பை வந்தது. உறவு என்று யாரும் இல்லாததால் இல்லத்துக்கே அனுப்பியிருந்தார்கள். பையின் வாய் ஒட்டியிருந்தது. தையல்காரம்மாவின் முன்னால்தான் தங்கை அதைப் பிரித்தாள். மூக்குக்கண்ணாடி, செருப்பு, அடியில் நீலச் சட்டை.

கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் ஒரே நேராகக் கத்தரித்திருந்தது. கழற்றக்கூட நேரமில்லாத அவசரம். பட்டன்கள் எல்லாம் போட்டபடியே இருந்தன.

தையல்காரம்மா வெட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல கத்தரி" என்றார். பிறகு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதார். தங்கையும் கூட உட்கார்ந்து அழுதாள். எனக்கு இதைச் சொன்னபோதும் அழுதாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு நான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

இப்போது அந்த இல்லத்தில் மகன் வீடு, மகள் வீடு எல்லாம் கிடையாது. யாராவது போனால் அன்றைக்கே கூடத்தில் சொல்லிவிடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து அழுகிறார்கள், அடுத்த நாள் மெதுவாக ஆட்டத்துக்கு வருகிறார்கள். தையல்காரம்மா புதிதாக ஒரு நீலச் சட்டை தைத்து, வலப்பக்க நாற்காலியின் முதுகில் மாட்டியிருக்கிறார். அதை அங்கிருந்து யாரும் எடுப்பதில்லை.

பந்தாட்டமும் நடக்கிறது. தங்கை சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. வெறும் நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் மீசைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எட்டவில்லை என்று அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.