பாதி பஸ்ஸின் சொந்தக்காரி

இன்று காலை திருவட்டாறு பஸ்ஸில் பஸ் கம்பெனி முதலாளியே முன்சீட்டில் இருந்தார். வழியில் அவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி ஏறினாள். கம்பெனியில் பாதிப் பங்கு அவளுக்கு.

"தம்பி, எனக்க லாபப் பங்கு எங்க?"

"லாபமே இல்லியே, மைனி."

"பஸ் நிறைய ஆளு இருக்கு, லாபம் இல்லியா?"

"லாபமுன்னு காட்டினா சர்க்காரு வரி பிடிக்கும். அதான் எல்லாத்தையும் எனக்கு மேனேஜர் சம்பளமா எழுதியாச்சு."

"அப்பம் எனக்கும் ஒரு சம்பளம் எழுதேன்."

"வேலை செய்யாதவங்களுக்குச் சம்பளம் எழுதினா வரி ஆபீசர் சும்மா விடுவானா?"

உடனே கண்டக்டர் பக்கம் திரும்பினார். "ஏலே, மைனிக்கு ஒரு டிக்கெட் கிழி."

அவள் டிக்கெட்டுக்குச் சக்கரக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வழிநெடுக நின்றே வந்தாள். முதலாளிக்குப் பக்கத்துச் சீட்டில் அவருடைய குடை உட்கார்ந்து வந்தது.

அந்தக் குடைக்கு என்ன சம்பளம் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.