அம்மன் கோயில் தீச்சட்டிகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் சண்டை. நான்தான் கத்தினேன் என்கிறார்கள். கத்தினேன்தான்... அதற்கென்ன இப்போது?

மலேசியாவில் கோலா பிலா பக்கத்து எஸ்டேட் அது. லயத்து வீடுகளில் வரிசையாக டிங்கி காய்ச்சல். சரசு அக்காவின் மகள் வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சுகாதார இலாகா ஆட்கள் வீடு வீடாக வந்து பூந்தொட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். புகையும் அடித்தார்கள். அப்புறமும் இன்னொரு வீட்டில் காய்ச்சல். எங்கிருந்துதான் வருகிறது இந்தக் கொசு?

மறுபடி வந்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். வாசலில் தானாகவே பூட்ஸைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் போய் டார்ச் அடித்தார். திருவிழாவில் நாங்கள் ஏந்திய தீச்சட்டிகள் அங்கேதான் கிடந்தன. சட்டிக்குச் சட்டி மழைத்தண்ணீர். தண்ணீரில் நெளியும் கொசுப்புழு.

வேண்டுதல் முடிந்ததும் சட்டியை அங்கே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவது எங்கள் வழக்கம். அம்மனுக்குக் கொடுத்ததை யார் தொடுவார்கள்?

அதிகாரியும் தொடவில்லை. “கவிழ்க்கலாமா? புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். இந்தப் புழு இருக்கிறவரை காய்ச்சல் நிற்காது” என்று மலாயில் சொன்னார்.

கோயில் தலைவர் மறித்துக்கொண்டு நின்றார். “சாமி சட்டி லா! தெய்வ குத்தம் ஆயிடும்.”

“ஊரே காய்ச்சல்ல கிடக்கு தலைவரே! இதுக்கு மேல என்ன குத்தம் வேணும்?” — இது நான். எனக்கு அப்படி ஒரு கோபம். அவரும் விடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த சரசு அக்கா எங்கள் இருவரையும் விலக்கிவிட்டுப் போய் ஒரு சட்டியைத் தூக்கினார்.

“இது என் சட்டி. என் மவளுக்குப் புள்ள தங்கணும்னு ஏந்தினேன்.” தண்ணீரைத் தரையில் கொட்டினார். “அந்தப் புள்ளைக்காகத்தான் இப்ப கவுக்கறேன். ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் சட்டியைத் தேடிக் கவிழ்த்தார்கள். தலைவரும்தான். திருவிழாவுக்கு மட்டும் செனாவாங்கிலிருந்தும் லுக்குட்டிலிருந்தும் வருகிறவர்களின் சட்டிகள் மிச்சம். அவற்றை நான் கவிழ்த்தேன். குத்தம் இருந்தால் என் தலையில் விடியட்டும்!

சரசு அக்காவின் மகள் இன்னும் வார்டில்தான் இருக்கிறாள். கொஞ்சம் தேறியிருக்கிறாளாம். என் மனசு அங்கேயே கிடக்கிறது.

அடுத்த வருஷமும் சட்டி ஏந்துவோம். ஆனால் தீ அணைந்ததும் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம் — கூட்டம் போட்டு முடிவு செய்தாயிற்று.

அது சரி... உங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்?