ஷாமியானாக்காரர் தைத்த பாய்

பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். விடிந்ததும் நானும் மனைவி ஸ்டெல்லாவும் மினி வேனில் கிளம்பினோம். தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. காற்று வலுத்தால் அவளால் பாயை இறக்க முடியாதே என்று எங்கள் சிறு பாய்மரப் படகு ஒரு வருடமாகக் கரையில் கிடக்கிறது. சீனப் படகுகளின் பாயில் குறுக்கே மூங்கில்கள் உண்டு. கயிற்றை விட்டால் தானாக மடிந்து இறங்கும். அப்படியொரு பாயையும் செய்து பார்த்துவிடுவோம், சரிப்படாவிட்டால் படகை விற்றுவிடுவோம் என்று பேசி வைத்திருந்தோம்.

தியாகராய நகரில் ‘பாய்க்குத் துணி’ என்று கேட்டதற்குக் கோரைப்பாய்க் கடைக்கு அனுப்பினார்கள். அலைந்து திரிந்து, வெயில் மறைப்புக்குப் போடும் கெட்டித் துணியை மீட்டர் முந்நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கினோம்.

அடுத்து அடையாறில், சாரக் கம்பங்கள் விற்கும் இடம். பாய்மரத்துக்கென்று தடித்த கம்பமொன்றைத் தொட்ட என்னை ஸ்டெல்லா தடுத்தாள். சீன முறைப் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கக் கயிறுகள் கிடையாது. அது கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டுமாம். காய்ந்த சவுக்குக் கம்பமொன்றை இரண்டு கற்களின் மேல் வைத்து, நடுவில் என்னை உட்காரச் சொன்னாள். என் எடைக்கு வளைந்தது, எழுந்ததும் நிமிர்ந்துகொண்டது. அதையும், பாய்க்குக் குறுக்கே வைக்கச் சில மூங்கில்களையும் எடுத்தோம்.

மயிலாப்பூரில் ஷாமியானா தைக்கும் காதர் பாயிடம் துணியையும் மூங்கிலையும் கொடுத்தோம். பாய் தைக்க ஒரு பாயே கிடைத்தார் என்றேன்; யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் மதியம் போனால், தையல் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கீழ் ஓரம் முழுக்க, பந்தலுக்கு வைப்பதுபோலச் சிவப்பு ஜாலர்! “ஓரம் சும்மா கீதேன்னு கை தானா வெச்சிடுச்சு நைனா. பிரிச்சிடவா?” என்றார். காற்று திரும்பினால் முதலில் அதுதான் காட்டிக்கொடுக்கும், இருக்கட்டும் என்றாள் ஸ்டெல்லா.

மாலையில் நொச்சிக்குப்பம் கடற்கரை. மீனவர்கள் இருவர் கைகொடுக்க, மணலில் கம்பத்தை நட்டோம். ஸ்டெல்லா இடது கையால் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றினாள். கடல்காற்று நிறைந்து கம்பம் வளைந்ததும் முறிந்துவிடும் என்று நினைத்தேன். கயிற்றைப் பிடிக்க ஓடினேன். அதற்குள் அவள் தளர்த்திவிட்டாள். மூங்கில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர, பாய் முழுவதும் அடங்கி இறங்கியது. அப்படியொரு அழகை நான் பார்த்ததில்லை.

“அக்காவ தெகிரியமா இட்டுகினு போ நைனா” என்றார் மீனவர்களில் ஒருவர் என்னிடம்.

தலை வாரிக்கொள்ளக்கூட ஒரு வருடமாக என்னைக் கூப்பிடுகிறவள், என் முகத்தைப் பார்க்காமலே அவருக்குப் பதில் சொன்னாள்: “அவரு கரையில இருக்கட்டும்ண்ணே. மொத நாள் நான் மட்டும் போயிட்டு வரேன்.”