கதவில் ஒட்டிய நோட்டீஸ்

முப்பத்தோரு வருஷமாகக் கோர்ட்டு நோட்டீசை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அந்தக் கோர்ட்டு அமீனா. அந்த உத்தியோகத்துக்கு எந்த வீட்டில் வரவேற்பு இருக்கிறது? வாசலில் அவர் தலை தெரிந்ததும் பாதிப் பேர் பின்பக்கமாக ஓடுவார்கள், மீதிப் பேர் நாயை அவிழ்த்துவிடுவார்கள். இதுவரை நாலு நாய் கடித்திருக்கிறது. ஐந்தாவதாகக் கடித்தது ஒரு வாத்து என்று அவர் மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆள் இல்லாவிட்டாலும், வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாலும், கதவில் பசை தடவி ஒட்டிவிட்டு, பார்த்த இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் போதும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது, மலைப்பக்கத்துத் தலைமையாசிரியைக்கான நோட்டீஸ் அவர் தலையில் வந்து விழுந்தது.

தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஓட்டுச்சாவடிப் பக்கம் வருகிறவன் வீடு திரும்பமாட்டான் என்று மலையில் துப்பாக்கி தூக்கியவர்கள் மரத்துக்கு மரம் எழுதி வைத்திருந்தார்கள். போன தேர்தலில் சாவடிக்கென்று பள்ளிக்கூட வாசலில் புதைத்த வெடி, அன்றைக்கு வெடிக்காமல், மறுநாள் வகுப்புக்கு வந்த இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது. "இந்தத் தடவை எங்கள் பள்ளியில் தேர்தல் வேண்டாம். இப்போது அறுபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று தலைமையாசிரியை ஒரு கடிதம் எழுதி, யார் கையிலோ கோர்ட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதையே மனுவாக எடுத்துக்கொண்ட நீதிபதி, அவள் நேரில் வந்து பேச வேண்டும் என்று தேதி போட்டார். மலையில் போன் கோபுரத்தைக் கொளுத்திவிட்டார்கள், தபாலும் நின்றுபோயிருந்தது. வேறு யார் போவது? அமீனாதான்.

போனார். ஆற்றுப் பாலம் வரைக்கும் பஸ் போனது. அதற்கப்புறம் பதினாலு கிலோமீட்டர் நடை. பாலத்தடியில் டீக்கடைக்காரர் அவருடைய காக்கிப் பையைப் பார்த்ததுமே கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க? முந்தாநாள் ரோடு போட வந்த மேஸ்திரிய இழுத்துட்டுப் போயிட்டாங்க. பையில இருந்தது வெறும் அளவு நாடா. உங்க பையில சர்க்கார் முத்திரை போட்ட தாள் இருக்கு!"

அமீனா பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு டீ குடித்தார். பாலத்தின் மீது பாதி தூரம் நடந்து பார்த்தார். எதிரே ஒரு குருவி கூட இல்லை. திரும்பி வந்து மூன்றாவது டீயையும் வாங்கிக்கொண்டு, அறிக்கைத் தாளை முழங்காலில் வைத்து எழுதினார்: "நேரில் சென்றேன். வீடு பூட்டியிருந்தது. கதவில் ஒட்டினேன்." டீக்கடைக்காரரும் ஒரு லாரி கிளீனரும் சாட்சிக் கையெழுத்து போட்டார்கள். ஊரில் எந்த அமீனா இதைச் செய்யவில்லை? வாடகைத் தகராறு கேசில் அவரே இரண்டு தடவை செய்திருக்கிறார், யார் குடியும் முழுகிவிடவில்லை. ஒட்டாத நோட்டீசை நாலாக மடித்துப் பையின் அடியில் செருகினார்.

"பத்திரமா போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"போகாம?" என்று எரிந்து விழுந்தார். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணை நாளில் அமீனா கோர்ட்டின் பின்சுவரோரம் நின்றிருந்தார். டவாலிச் சேவகன் வாசலில் நின்று தலைமையாசிரியையை மூன்று தடவை கூப்பிட்டான். யாரும் வரவில்லை. எப்படி வருவாள்? இன்றைக்கு விசாரணை என்பதே அவளுக்குத் தெரியாது. அடுத்த தேதிக்குத் தள்ளிவைப்பார்கள், அதற்குள் யாரையாவது பிடித்துச் சேதி சொல்லிவிடலாம் என்று அவர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

தேர்தல் அலுவலகத்து வக்கீல் எழுந்தார். கையில் அமீனாவின் அறிக்கை.

"அய்யா, மனு போட்ட அம்மாவே வரல. நோட்டீஸ் கதவுல ஒட்டியாச்சு. இன்னொன்னும் பாருங்க. கலவரம் நடக்கிற இடம், யாரும் போக முடியாதுன்னு சொல்றாங்க. ஆனா இந்தக் கோர்ட்டு அமீனா, வயசான மனுஷர், துணைக்கு ஒரு போலீஸ் கூட இல்லாம சர்க்கார் தாளோட போயி, ஒட்டிட்டு, அன்னைக்கே திரும்பியிருக்கார். ஒரு கீறல் இல்ல. இதைவிடச் சாட்சி என்ன வேணும்? அங்க அமைதியாத்தான் இருக்கு. மனுவைத் தள்ளுபடி பண்ணணும்."

அட பாவி! அமீனாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. தான் உட்கார்ந்து குடித்த மூன்று டீ, அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லுமா? நீதிபதி பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் தலைநிமிர்ந்து கேட்டார்.

"அமீனா இருக்காரா? பாதை எப்படி இருந்துச்சு?"

எல்லாத் தலையும் பின்சுவர் பக்கம் திரும்பியது. நல்லாயிருந்துச்சு அய்யா என்று ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், எட்டு மாதம் பல்லைக் கடித்து ஓட்டிவிடலாம். வாயில் வந்தது வேறு.

"தெரியாதுங்க அய்யா," என்றார்.

"தெரியாதா? போனதா எழுதியிருக்கீங்களே?"

"போகலைங்க. பாலத்தோட திரும்பிட்டேன். அது பொய் அறிக்கை." கையைக் கூப்பினார். "பயம்ங்க அய்யா. உயிர்ப் பயம்."

வக்கீல் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சுருக்கெழுத்தாளரிடம் சொல்லத் தொடங்கினார். பொய் அறிக்கை கொடுத்த அமீனாவை இன்றே வேலையிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும். இந்தக் கோர்ட்டின் சொந்த ஊழியரே கால் வைக்க அஞ்சிய இடத்துக்கு ஓட்டுப் போட வா என்று மக்களைக் கூப்பிட்டால், அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்பதைத் தேர்தல் அலுவலகம் சொல்ல வேண்டும். தலைமையாசிரியையைக் காவலோடு அழைத்துவர வேண்டும். அதுவரை அந்தப் பள்ளியில் சாவடி அமைக்கத் தடை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். "அன்னைக்கே முகத்துல எழுதி ஒட்டியிருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதாள்.

அடுத்த விசாரணை பத்து நாள் கழித்து வந்தது. தன்மேல் நடக்கும் விசாரணைக்காக அமீனா தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தார். இரண்டு போலீஸ்காரர்களோடு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, செருப்பெல்லாம் செம்மண்ணாக, வந்து நின்றாள்.

"என் வீட்டுக் கதவுல ஒட்டினதா எழுதினது நீங்கதானா?"

அமீனா எழுந்து நின்றார். காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது.

"மன்னிச்சிடும்மா."

"எங்க வீட்டுக்குக் கதவே இல்லைங்கய்யா. லெட்டர் எழுதினது தெரிஞ்ச அன்னைக்கே கொளுத்திட்டாங்க. இப்ப ஸ்கூல்லதான் படுக்கிறேன்." அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீங்க வந்திருந்தா எதுல ஒட்டியிருப்பீங்க?"

அவர் கண் நிறைந்துவிட்டது. காக்கிப் பையைத் துழாவி, அடியில் நாலாக மடித்துக் கிடந்த நோட்டீசை எடுத்தார். சுருக்கம் போகத் தொடையில் வைத்துத் தேய்த்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"தேதி தாண்டிப்போச்சும்மா. இருந்தாலும் வாங்கிக்கோங்க."

அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு, "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டாள். அவர் விரல் வைத்துக் காட்டினார்.