ஊத்துக்கண்ணை அடைத்த கோணி

குப்பாயிக்குக் கோபம் வந்தால் கை முதலில் சேலைக் கொசுவத்தைத்தான் இழுத்துச் செருகும். புருஷன் போன பிறகு ஒன்பது வருஷம் தன்னந்தனியாகக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து, சோளமும் கடலைக்காயும் விளைய வைத்தவள். அவள் கொசுவத்தைத் தொட்டால் மல்லசமுத்திரத்து ஆட்கள் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள்.

1961 சித்திரையில் ஒரு காலை அந்தக் கை இடுப்புக்குப் போனது.

அவளுக்கும் கொழுந்தன் நாச்சிமுத்துவுக்கும் பொதுவான பாறைச் சரிவில்தான் ஊர் ஓடை பிறக்கிறது. அந்த இடம் ஊத்துக்கண். ஓடை மணலை எங்கே தோண்டினாலும் ஊத்து வரும். ஆனால் ஓடை புறப்படுகிற அந்த ஓர் இடத்தைத்தான் ஊத்துக்கண் என்பார்கள். அங்கே இரும்பு படக்கூடாது. ஆடிக்கு ஆடி பெண்கள் வெறுங்கையால் தூர் எடுப்பார்கள். கீழே நாற்பது குடும்பம் குடிக்கிற தண்ணீர்.

நாச்சிமுத்து அதிலேயே வெடி வைத்துக் கிணறு வெட்டி மோட்டார் மாட்ட மனுப் போட்டிருந்தான். ஊத்துக்கண் என்று எழுதிவிட்டால் மனு தள்ளுபடி. பார்த்து எழுத, சூரமங்கலத்திலிருந்து உபகாரசாமி என்ற அதிகாரி பஸ் ஏறி வந்திருந்தார்.

ஊத்துக்கண் குழி காய்ந்து கிடந்தது.

“வெறும் பாறைக்குழிங்க சார். மழை பேஞ்சாத் தேங்கும், அவ்வளவுதானுங்க” என்றான் நாச்சிமுத்து.

“நேத்துப் பொழுதுசாய இதுலதானுங்க குடம் மொண்டேன். விடியறதுக்குள்ள எங்கீங்க போச்சு?” என்றாள் குப்பாயி.

“எங்க நங்கையாளுங்க, அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் செத்ததிலிருந்து புத்தி ஒரு நெலையில இல்லீங்க சார்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

குப்பாயி கொசுவத்தை இறுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். எப்போதும் உள்ளங்கையை முட்டித் தள்ளும் தண்ணீர் இல்லை. பச்சைக் களிமண் நெருடியது. பிறாண்டி எறிந்தாள். அதற்கடியில் சுருட்டித் திணித்த கோணி. இரண்டு கையாலும் இழுத்தாள். கலங்கல் தண்ணீர் குபுக்கென்று பொங்கி அதிகாரியின் செருப்பை நனைத்தது.

கோணியில் நாச்சிமுத்து வீட்டு நீலக் குறி.

“ஊரு குடிக்கிற தண்ணியடா!” இத்தனை வருஷம் ‘ங்க’ போட்டே பேசிய வாய். “உன்ற கை விளங்குமாடா?”

உபகாரசாமி மளமளவென்று எழுதினார்.

“படிச்சுக் காட்டுங்க சார்” என்றாள் குப்பாயி.

“இவ்விடத்தில் ஊற்று உள்ளது.”

“அது ஓடை நெடுக இருக்குதுங்க. ஊத்துக்கண்ணுன்னு எழுதுங்க. ஓடை இங்கதான் பொறக்குதுன்னு எழுதுங்க.”

“ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடா நங்கையா?”

“அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதானேடா கோணியத் திணிச்சே!”

அதிகாரி அடித்துவிட்டுத் திருத்தினார். அவள் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொட்டச் சொட்டக் கோணியைத் தூக்கி நாச்சிமுத்துவின் வெள்ளை வேட்டி மேல் எறிந்தாள்.

அப்போதும் கோபம் அடங்கவில்லை. ஆடி வரட்டும் என்று நிற்காமல் மறுபடி குனிந்து, ஒட்டியிருந்த களிமண்ணை நகத்தால் வழித்து வழித்து வெளியே வீசிக்கொண்டிருந்தாள்.