விதைநெல் சாக்குக்குள் வைத்த அட்டை

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே களவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டதுதான். பிள்ளை தங்காமல் இருக்கப் போடும் ஊசி. மூன்று பிள்ளைகள் போதும் என்று நானே முடிவெடுத்திருந்தேன். இவருக்குத் தெரியாது.

அடுத்த ஊசியின் திகதி கிளினிக் அட்டையில் இருக்கும். அதை எங்கே ஒளிப்பது? அலுமாரியை இவர் திறப்பார், குசினியைப் பிள்ளைகள் கிளறுவார்கள். விதைநெல் சாக்கை மட்டும் விதைப்புநாள் வரை ஒருவரும் அவிழ்க்க மாட்டார்கள். அதற்குள் சொருகிவிட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரி இந்தக் குடியேற்றத்திலேயே இல்லை என்ற நினைப்பு.

எங்களுடையது பெர்மிட் காணி, குடியேற்றத்துக்கு அரசாங்கம் கொடுத்தது, பிரித்து எழுத ஏலாது. மாமாவுக்கு, இவருடைய அப்பாவுக்கு, ஏழு பிள்ளைகள். உரிமைக்கு ஒரு பெயர்தான் எழுதலாம் என்றதால் இவருடைய பெயரை எழுதினார். இவருடைய தமையனும் தம்பியும் யுத்தத்தில் செத்துப்போனார்கள். மிச்ச நாலு பேரில் மூன்று பேர் இன்றைக்கும் எங்களோடு கதைப்பதில்லை. என் மூன்றும் ஒரே பாயில் உருண்டு படுப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நாளைக்கு எவர் எவரோடு கதைக்காமல் விடப்போகிறார்களோ என்று மனம் பதறும்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பிடிப்பவர்கள், எங்கள் சனம் குறைந்துபோய்விட்டது, வீட்டுக்கு நாலைந்து பெறவேணும் என்கிறார்கள். மூத்தவளின் பள்ளிப் புத்தகமோ உலகத்தில் சனம் கூடிவிட்டது, தண்ணீர் காணாமல் போகும் என்கிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் பெறச் சொன்ன ஒருவரும் அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க வந்ததில்லை.

அந்த வருடச் சிறுபோகத்துக்கு, கோடை விதைப்புக்கு, குளத்தில் தண்ணீர் குறைவு. கூட்டம் வைத்து, ஆளுக்கு அரை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். தண்ணீரையும் சொன்ன நாளுக்கு முன்பே திறந்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடக் கூட்டம் முடிந்து ஒட்டுசுட்டான் பஸ்ஸில் வந்திறங்கியபோது, முளைகட்டவென்று இவர் இறக்கிவிட்ட விதைநெல் சாக்கு வாய்க்காலுக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

அட்டை கரைந்திருக்கும் என்று நினைத்தேன். திகதி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் பிறகு என்று என் ஞாபகம். கிளினிக்கில் போய்க் கேட்கலாம்தான், தொலைத்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பொங்கல் முடிந்து போனபோது, குடும்பநல மாது தன் பதிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தா.

"பிள்ளை, உமக்கு ஒரு மாசம் பிந்திப்போச்சு. சோதிக்காமல் போடேலாது."

சோதித்ததில் ஒரு கோடுதான் வந்தது, ஆனாலும் பிள்ளை தங்கவில்லை என்று அன்றைக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வரச் சொன்னா. அந்த இரண்டு கிழமையும் நான் நானாக இல்லை. தாளிக்கிற மணம் கொஞ்சம் பிடிக்காவிட்டாலும் விரல்விட்டு நாளை எண்ணுவேன். வயலில் பயிர் பச்சையாக எழும்பியது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. நாலாவதை எங்கே படுக்க வைப்பேன் என்று பாயை அளந்துகூடப் பார்த்தேன்.

இரண்டாந்தரமும் ஒரு கோடுதான் வந்தது. பிள்ளை இல்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு, புது அட்டையோடு வந்து இவருக்கு முன்னால் நின்றேன். ஒளித்து ஒளித்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

இவர் அலுமாரியைத் திறந்து, பெர்மிட் வைக்கும் பொலித்தீன் பையை எடுத்தார். என் பழைய அட்டை அதற்குள் இருந்தது. ஒரு சொட்டு நனையவில்லை.

"சாக்கை அவிழ்க்கேக்கயே கண்டனான்" என்றார். "திகதியும் பாத்தனான். பேசாமல் விட்டிட்டன்."

"ஏன்?"

"அண்ணையின்ரை பேரை மகனுக்கு வைச்சாச்சு. தம்பியின்ரை பேர் சும்மா கிடக்குது."

எனக்கு வந்த கோபத்தில் அந்த அட்டையைக் கிழித்திருப்பேன். இவர் அழுதுகொண்டிருந்தார். அதனால் கேட்க நினைத்ததை மெதுவாகத்தான் கேட்டேன்.

"பேரை வைக்கலாமப்பா. அந்தப் பேரைப் பெர்மிட்டில எங்கை எழுதுவியள்?"

புது அட்டையை நான் கலண்டர் ஆணியிலேயே கொழுவினேன். திகதி கிட்டக்கிட்ட நான் அதைப் பார்ப்பேன். இவரும் பார்ப்பார். திகதிக்கு முதல்நாள் ஞாபகப்படுத்தச் சொல்லி இவரைக் கேட்க, இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.